பனியன் ஊரில் ஒரு புத்தக நடை

"உங்க ஊர் திருப்பூரா? பனியனுக்குப் பேர்போன ஊராச்சே!"

கல்யாண வீடு, ரயில் பிரயாணம், ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே யாரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எனக்குக் கிடைக்கும் முதல் வார்த்தை இதுதான். நானும் சிரித்துக்கொண்டே "ஆமாங்க" என்று சொல்லிவிடுவேன். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 18 வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வீட்டிலேயே பீஸ் வாங்கிப் பிசிர் வெட்டிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டுச் சோறு பனியன் போட்ட சோறு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஆனால் சகோதரிகளே, இந்த ஊருக்குப் பனியனைத் தவிர வேறு ஒரு முகமும் உண்டு என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் என் மகளால்!

மகள் பத்தாம் வகுப்பு முடித்து, பிளஸ் ஒன் சேரவேண்டிய நேரம். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அம்மா, கையெழுத்துப் போடு. தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுக்கப் போறேன். மார்க் அள்ளலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

எனக்குத் 'திக்'கென்றது. பிரெஞ்சு படிப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தானே படிக்க வருகிறது! "தமிழ்ல என்னம்மா இருக்கு? அதெல்லாம் மதுரை, தஞ்சாவூர்க்காரங்களுக்கு. நம்ம ஊர்ல பனியன் இருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு நான் லைப்ரரியில் நாவலாக எடுத்துப் படித்துத் தள்ளியவள். கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டால் 'வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்' என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே படிப்பு நின்றுபோயிற்று. படிக்காத அம்மா, 'நீ தமிழ் படி' என்று மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

திங்கட்கிழமைக்குள் பாரத்தைக் கொடுக்கவேண்டும். எங்கள் வீதியில் ரிட்டயரான தமிழ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் முறையிட்டேன். அவர் பெண்ணுக்குப் புத்திமதி சொல்லுவார் என்று நினைத்தேன். அவரோ, "புத்திமதி சொன்னா இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேக்குமா? ஞாயித்துக்கிழமை காலையிலே ஏழு மணிக்கு ரெடியா இருங்க. நடந்து பார்க்கலாம்" என்றார்.

வீதியிலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்தோம். என் மாமியாரும் "நானும் வாறேன் அம்மிணி. வீட்டுலே உக்காந்து என்ன பண்றது?" என்று கிளம்பிவிட்டார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். அவர் எதற்கு இதற்கு என்று அப்போது நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று கடைசியில் சொல்கிறேன்.

குமரனிடம் ஆரம்பம்

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் குமரன் நினைவகத்தில் நடையை ஆரம்பித்தோம். தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடம்தான். உள்ளே போய் நின்றது இதுதான் முதல் தடவை!

டீச்சர் நிதானமாகச் சொன்னார். குமரன் சென்னிமலையில் 1904-ல் பிறந்தவர். நெசவுக் குடும்பம். பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கு வந்தவர். அப்போது இந்த ஊர் கதருக்குப் பெயர்பெற்றது. சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் ராட்டையில் நூற்ற நூல் இங்கேதான் வந்து குவியும். காந்திஜி பலமுறை வந்துபோன ஊர். 1932 ஜனவரி 10-ந் தேதி தேசியக் கொடியுடன் ஊர்வலம் போன குமரனைப் போலீஸ் தடியால் அடித்தது. விழுந்தும் கொடியை விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அப்போது வயது 27.

"அவரு சம்சாரம் பேரு என்னுங்க?" என்று அத்தை திடீரென்று கேட்டார்.

"ராமாயி" என்றார் டீச்சர்.

"பாவம், அந்தப் புள்ளை அப்புறம் என்ன பண்ணுச்சோ!" என்று அத்தை முணுமுணுத்தார். இத்தனை வருஷமாகக் 'கொடிகாத்த குமரன்' என்று படித்திருக்கிறேன், பேசியிருக்கிறேன். அவர் மனைவியைப் பற்றி ஒருநாளாவது யோசித்தேனா? இல்லை.

"இலக்கிய நடைன்னு சொல்லிட்டுத் தியாகிகிட்ட கூட்டிட்டு வந்திருக்கீங்களே டீச்சர்?" என்றாள் என் மகள்.

டீச்சர் சிரித்தார். "ஒரு ஊரைப் பத்தி ஜனங்க மறக்காம சொல்லிக்கிட்டே இருக்கிற கதைதான் கண்ணு அந்த ஊரோட முதல் இலக்கியம். அயர்லாந்திலே டப்ளின்னு ஒரு ஊர். ஒரு நாவல்லே வர்ற ஆள் 1904-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி நடந்ததா எழுதியிருக்கிற வீதியிலே எல்லாம், வருஷா வருஷம் அதே தேதியிலே ஜனங்க நடந்து கொண்டாடுறாங்க. கற்பனை மனுஷனுக்கே அந்த மரியாதை! நம்ம ஊரிலே நிஜ மனுஷன் நடந்த வீதி இருக்கு. நாம பஸ்ஸிலே போயிடறோம்."

நொய்யல் பாலத்தில்

குமரன் ரோட்டில் நடந்து நொய்யல் பாலத்துக்கு வந்தோம். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தை கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இந்த ஊருக்கு வந்தப்போ இங்கதான் துணி துவைப்போம் சாமி. தண்ணி கண்ணாடி மாதிரி போகும். அப்புறம் ஒரு நாள் சிவப்பா வந்துச்சு. மறுநாள் நீலமா வந்துச்சு. துணியிலே கறை ஏறுது, உடம்பெல்லாம் அரிக்குதுன்னு ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க" என்றார்.

டீச்சர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். சுப்ரபாரதிமணியன் எழுதிய 'சாயத்திரை'. திருப்பூர்க்காரர், 'கனவு' என்ற சிற்றிதழைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 1998-ல் வந்த இந்த நாவல், சாயப்பட்டறைத் தண்ணீர் இந்த ஆற்றையும் மண்ணையும் மனிதர்களையும் என்ன செய்தது என்று பேசுகிறது.

"உங்க ஆத்தா இப்ப நாலு வரியிலே சொன்னதைத்தான் இவர் ஒரு நாவலாச் சொல்லியிருக்கார்" என்று என் மகளிடம் சொன்னார் டீச்சர். மகள் பாட்டியை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தாள்.

இந்த ஆற்றின் கதை நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. சாயக் கழிவு ஆற்றோடு கீழே போய், சென்னிமலைப் பக்கம் 1992-ல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை, விவசாயிகளுக்கே சங்கடமாகிப் போயிற்று. வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடியும் உபயோகிக்கும் ஏற்பாட்டைச் செய்த பிறகுதான் திறக்க முடிந்தது. கோர்ட் தீர்ப்புக்கு 13 வருஷம் முன்பே ஒரு எழுத்தாளர் அபாயச் சங்கு ஊதியிருக்கிறார்! இத்தனைக்கும், அந்தச் சாயம் ஏறிய துணியில் பிசிர் வெட்டித்தான் நான் மாதாமாதம் மளிகைக்குப் பணம் சேர்க்கிறேன். பாலத்தில் நின்றபோது அதுவும் மனத்தில் உறுத்தியது.

பூண்டியும் அவிநாசியும்

நடந்த களைப்புத் தீர ஒரு டீ குடித்துவிட்டு, அவிநாசி பஸ் பிடித்தோம். சுமார் 8 கிலோமீட்டரில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பரிசுகளோடு திரும்பி வந்துகொண்டிருந்த சுந்தரரை வேடர்கள் வழிமறித்துக் கொள்ளையடித்தது இந்த இடத்தில்தான் என்பது புராணம். வேடர் வேஷத்தில் வந்தவர்கள் சிவபெருமானின் பூதகணங்களாம். சுந்தரர் கோயிலுக்குப் போய், 'இப்படிப்பட்ட இடத்தில் உனக்கு என்ன வேலை?' என்று சாமியையே சண்டை பிடிக்கிறார், பாட்டில்! பொருள் எல்லாம் திரும்பி வந்ததாம்.

"சாமிகிட்டேயே சண்டை போட்டாரா?" என்று என் மகள் ஆச்சரியப்பட்டாள். தேவாரம் என்றால் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு கேட்கவேண்டியது என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

இன்னும் 5 கிலோமீட்டர் போனால் அவிநாசி. இங்குள்ள கதை தாய்மார்களுக்கென்றே ஏற்பட்டது. சுந்தரர் வீதியில் வரும்போது ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர் வீட்டில் அழுகை. என்னவென்று விசாரிக்கிறார். இரண்டு வீட்டுப் பையன்களும் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்த பிள்ளைக்கு இன்று பூணூல். தன் பிள்ளை இருந்திருந்தால் அவனுக்கும் இன்று நடந்திருக்குமே என்று இந்தத் தாய் அழுகிறாள். சுந்தரர் குளக்கரையில் நின்று பதிகம் பாட, முதலை பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாம். அதுவும் விழுங்கிய வயதில் இல்லை. இடையில் போன வருஷங்களுக்கும் சேர்த்து வளர்ந்த பிள்ளையாக!

தாமரைக்குளத்தின் கரையில் நின்று டீச்சர் இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு குழந்தை தவறிப்போனது எங்கள் வீதிக்கே தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நம்புவதும் நம்பாததும் அவரவர் மனசு. ஆனால் அடுத்த வீட்டு விசேஷத்தில் தன் பிள்ளையை நினைத்து அழும் தாயை, ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு கதை கைவிடாமல் வைத்திருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

குளக்கரை மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். தக்காளி சாதம், தயிர் சாதம், வடு மாங்காய். சாப்பிட்டுக்கொண்டே டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நன்னூல்னு இலக்கணப் பாடம் வருதே, அதை எழுதின பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர்னு சொல்றது வழக்கம். 'பெருங்கதை' பாடின கொங்குவேளிருக்கு விஜயமங்கலம். அந்தக் காவியத்தை ஓலைச்சுவடியிலேருந்து 1924-ல் அச்சிலே கொண்டுவந்தவர் உ.வே. சாமிநாதையர். உடுமலைப்பேட்டைப் பக்கம் உடுமலை நாராயணகவி. நம்ம பாட்டிமாருங்க முணுமுணுத்த சினிமாப் பாட்டிலே எத்தனையோ அவர் எழுதினதுதான். 2023-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கின தேவிபாரதி வெள்ளகோவில் பக்கத்துக்காரர்."

"இவ்வளவு பேரா!" என்றாள் மகள். நானும் மனத்துக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

நாகம்மாள் வந்தாள்

கடைசியாக டீச்சர் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். ஆர். ஷண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்'. தாராபுரம் வட்டாரத்துக் கீரனூர்க்காரர். வங்காளத்துப் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் தந்தவரும் இவர்தான். 'நாகம்மாள்' 1942-ல் வந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமரிசகர்கள் கொண்டாடுகிறார்கள். கொங்குக் குடியானவர் வீட்டுப் பேச்சு, காடு, தோட்டம், சந்தை எல்லாம் அப்படியே இருக்கும்.

"கதை என்னுங்க?" என்று கேட்டது அத்தைதான்.

"நாகம்மாள் சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்தவங்க. ஒரு பெண் குழந்தை. கொழுந்தனார் வீட்டிலே இருக்காங்க. புருஷனோட பங்கு நிலத்தைப் பிரிச்சுக் கொடுன்னு கேக்கறாங்க. அதுதான் கதை."

அத்தை கையில் இருந்த சோற்று உருண்டையை இலையில் வைத்துவிட்டார். "கொடுத்தாங்களா?" என்றார். டீச்சர், "படிச்சுத் தெரிஞ்சுக்கங்க அம்மா" என்று புத்தகத்தை என் மகளிடம் கொடுத்தார்.

அன்று இரவு பாத்திரம் கழுவிவிட்டு வந்தால், மகள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறாள். அத்தை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மகள் ஒரு வார்த்தையில் தடுக்கி விழுந்தால் அத்தை எடுத்துக் கொடுக்கிறார். "அது தொண்டுப்பட்டி கண்ணு. ஆடு மாடு அடைக்கிற பட்டி." அர்த்தமும் உடனே வந்துவிடுகிறது! பள்ளிக்கூடத்து அகராதியில் கிடைக்காத வார்த்தைகளுக்கெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அகராதி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் இரவு வாசிப்பு நடந்தது. முடிவை இங்கே சொல்லமாட்டேன், நீங்களே படித்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த இரவு அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ கேட்டது நியாயந்தான் அம்மிணி. துணைக்குப் போன ஆளுதான் சரியில்லை. எனக்குத் துணைக்குக்கூட ஆளில்லை. அதனாலே நான் கேக்கவே இல்லை."

அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் மாமா இறந்தபோது என் வீட்டுக்காரருக்கு 2 வயது. 'உனக்கு எதுக்குக் காடு? கஞ்சி ஊத்தறோம், இரு' என்றார்களாம் சொந்தக்காரர்கள். ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, ஒரு மூட்டையும் பிள்ளையுமாகத் திருப்பூர் பஸ் ஏறியிருக்கிறார். பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலை. கல்யாணமாகி 18 வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளையிடமும் சொன்னதில்லை.

மறுநாள் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்ன விவரத்தை வாசகிகளுக்காக எழுதுகிறேன். இந்து விதவைகளுக்குக் கணவர் சொத்தில் உரிமை தரும் சட்டம் 1937-லேயே வந்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. மறு வருஷம் வந்த நாவல் 'நாகம்மாள்'! பிறகு 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், இறந்த கணவரின் பங்கில் பிள்ளைகளோடு மனைவிக்கும் உரிமை தந்தது. பூர்வீகக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்தது.

அத்தை ஊரை விட்டு வந்தது 1980 வாக்கில். அதாவது, சட்டம் அவர் பக்கம் இருந்தது. அதை அவருக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இனிமேல் நான் இந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்.

"இப்பக் கேக்கலாமா அத்தை?" என்றேன். "வேண்டாம் கண்ணு. என் பேத்திக்குச் சொல்லிட்டேன். அது போதும்" என்று பிசிர் வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பாரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நடை முடிந்து வந்த மறுநாள் காலையிலேயே மகள் நீட்டினாள். 'தமிழ்' என்று அவளே எழுதியிருந்தாள். "மார்க் குறைஞ்சா என்னைத் திட்டக் கூடாது, ஆமா!" என்ற நிபந்தனையோடு. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மார்க் எப்படி வருமோ, பார்க்கலாம்!

நீங்களும் போகலாமே!

எந்த ஊராக இருந்தாலும் இப்படி ஒரு நடை சாத்தியம்தான். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு இருக்கிறது. சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லம் இருக்கிறது. பெரிய பெயர்கள் இல்லாத ஊரிலும் விசாரித்தால் ஒரு புலவர், ஒரு பாட்டு, ஒரு கதை கிடைக்காமல் போகாது. என் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

• காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள். 10 மணிக்கு மேல் வெயிலில் நடக்க வேண்டாம். தூர இடங்களுக்குப் பஸ்ஸே நல்லது.

• குழந்தைகளுக்குத் தொப்பி, தேய்ந்து பழகிய செருப்பு அவசியம். புதுச் செருப்பு போட்டு வந்த ஒரு பெண் பாதி வழியிலேயே காலைப் பிடித்துக்கொண்டாள்!

• காய்ச்சி ஆறிய தண்ணீர், மோர் எடுத்துப் போங்கள். வழியில் கண்டதை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

• ஒரு நாளில் மூன்று நான்கு இடங்கள் போதும். அதிகமானால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும்.

• போகும் இடத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு புத்தகமாவது லைப்ரரியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் இரவில் சத்தமாக வாசியுங்கள்.

• முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்!

இப்போது எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்கு டி.வி. நிற்கிறது. ஒருவர் வாசிக்க, நாங்கள் பிசிர் வெட்டிக்கொண்டே கேட்கிறோம். இந்த வாரம் 'சாயத்திரை'. நேற்று என் முறை. நான் வாசிக்க ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அத்தை அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டு, "சத்தமாப் படி அம்மிணி, காது கேக்கலை" என்றார்.